வில்லில் பொருத்தும் வில்லை: எத்தனை மடங்கு தேவை?

“அண்ணா, நான் எத்தனை எக்ஸ் வாங்கலாம்?”

காம்பவுண்ட் வில்லுக்கு மாறும் இளையர்கள் முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி இது. உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகத் தொடங்கி, இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும்வரை நான் அம்பெய்து வருகிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் மன்றத்துக்குப் புதிதாக வருவோருக்குக் கருவிகளைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. அதனால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. கேட்பவர் மனத்தில் பதிலும் தயாராக இருக்கும். பெட்டியில் 4 எக்ஸ், 6 எக்ஸ், 8 எக்ஸ் என்று போட்டிருந்தால் 8தானே சிறந்தது?

வரும் ஆண்டுகளில் இக்கேள்வியை இன்னும் பலர் கேட்பார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 2014 முதல் இடம்பெற்றுவரும் காம்பவுண்ட் பிரிவு, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கலப்புக் குழுப் போட்டியாக முதன்முறை நுழைகிறது. ஒலிம்பிக்கில் இதுவரை நாம் பார்த்த ரீகர்வ் வில்லில் உருப்பெருக்கும் கண்ணாடி எதையும் பொருத்தக்கூடாது. காம்பவுண்ட் வில்லில் பொருத்தலாம். இரு முனையிலும் உருளும் சக்கரங்கள், நாணை விடுவிக்கும் சிறு கருவி ஆகியவற்றோடு, கையை நீட்டிப் பிடிக்கும் வில்லின் முன்னே ஒரு வட்டக் கண்ணாடியும் இருக்கும். அதுதான் ஸ்கோப். நாணின் நடுவே, இழுத்துப் பிடிக்கும்போது கண்ணுக்கு நேரே வரும்படி ஒரு சிறு துளை கட்டப்பட்டிருக்கும். அது பீப்.

வில்லில் வில்லை பொருத்துகிறோம் என்று தமிழில் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். லென்சுக்குத் தமிழில் வில்லை என்பது பெயர். சொல் பொருத்தம் தற்செயலாக அமைந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இலக்கு எவ்வளவு சிறியது?

காம்பவுண்ட் போட்டியில் தூரம் 50 மீட்டர். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. ஒரு வெள்ளி நாணயத்தைச் சுமார் 15 மீட்டர் தள்ளி ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால் அது உங்கள் கண்ணுக்கு அதே அளவில் தெரியும். சாதாரணப் பேருந்து ஒன்றின் நீளத்தைவிடச் சற்று அதிகமான தூரம் அது.

கணக்காகச் சொன்னால், ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் கிடைப்பது ஒரு கலை. வகுப்பில் ஆர்க்மினிட் என்று படித்திருப்பீர்கள். பத்துப் புள்ளி வட்டம் 5.5 கலை அகலம். பத்தும் ஒன்பதும் சேர்ந்த மஞ்சள் பகுதி 11 கலை. நல்ல பார்வை உடைய கண்ணால் சுமார் 1 கலை வரை பிரித்தறிய முடியும். ஆக, மஞ்சள் பகுதி வெறும் கண்ணுக்கே தெரியும். தெரியாதது இலக்கில் குத்தி நிற்கும் அம்பு. 6 மி.மீ. தடிமனுள்ள அம்பு 50 மீட்டரில் அரைக் கலைகூட இல்லை.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குறி வைப்பதற்கு வேண்டிய உருப்பெருக்கம் ஒன்று. எய்த அம்பு எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்கு வேண்டியது வேறு. இரண்டாவதற்கு முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் இருக்கிறது. 20 மடங்கு வைத்தால் அந்த அம்பு 8 கலை அகலத்துக்கு வளர்ந்து தெளிவாகத் தெரியும். முக்காலி ஆடாது, ஆகவே அங்கே 20 மடங்கு வைப்பதில் தொல்லை இல்லை. கையில் பிடிக்கும் வில்லின் கதை அப்படியல்ல.

இரண்டைச் சேர்த்தால் கூட்டலா, பெருக்கலா?

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாம். 8 மடங்கு பெருக்கும், 30 மி.மீ. முன்கண்ணாடி உடைய இரண்டு பைனாகுலர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றன் கண்வைக்கும் பகுதிக்குப் பின்னால் மற்றொன்றின் முன்கண்ணாடியை வைத்து, ஒரு பக்கத்தின் வழியாக எதிர் புளோக்கைப் பாருங்கள். சூரியன் இருக்கும் திசைப்பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள், கண் போய்விடும்.

8ம் 8ம் சேர்ந்து 16 ஆகாது, 64 ஆகும். முதல் பைனாகுலர் கோணத்தை 8 மடங்காக்குகிறது. இரண்டாவது அந்தப் பெரிதான கோணத்தை மறுபடி 8 மடங்காக்குகிறது. ஆனால் நீங்கள் பார்க்கப்போவது இருண்ட, குழம்பிய, நடுங்கும் ஒரு சிறு வட்டம்தான். காரணம் எளிது. உள்ளே நுழைந்த ஒளி முழுவதும் அந்த முதல் 30 மி.மீ. கண்ணாடி வழியாக வந்தது. ஒரு பைனாகுலர் மட்டும் என்றால் அந்த ஒளி 30ஐ 8ஆல் வகுத்த 3.75 மி.மீ. அகலக் கற்றையாக வெளியேறி, பகல் நிழலில் சுமார் 3 மி.மீ. அளவில் இருக்கும் கண்மணியை நிரப்பிவிடும். இரண்டைச் சேர்த்தால் 30ஐ 64ஆல் வகுக்க வேண்டும். அரை மி.மீட்டருக்கும் குறைவு. பிம்பத்தின் ஒளிர்வு சுமார் 40இல் ஒரு பங்காகிவிடுகிறது.

இருட்டை விளக்கு போட்டுச் சரிசெய்யலாம் என்று வைத்துக்கொண்டாலும் குழப்பம் நீங்காது. ஒளி ஓர் அலை. எந்தத் துளை வழியாக வந்தாலும் அது சற்றே பரவும்; துளை சிறிதானால் பரவல் கூடும். 30 மி.மீ. கண்ணாடியால் ஒரு கலையில் 15இல் ஒரு பங்கைவிட நுணுக்கமான விவரத்தைப் பிரித்துக்காட்ட முடியாது. அதை 64 மடங்காக்கினால் ஒவ்வொரு புள்ளியும் 4 கலை அகலமுள்ள பிசிறாகிவிடும். பெரிதாகிறது, புதிதாக எதுவும் தெரிவதில்லை. கைப்பேசியில் ஒரு படத்தை இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போவது போலத்தான். இதற்கு இயற்பியலில் வெற்று உருப்பெருக்கம் என்றே ஒரு பெயர் உண்டு.

சுடுகலையில் இந்தச் சேர்க்கை பல வடிவங்களில் இருக்கிறது. பெருக்கம் எதுவும் இல்லாத சிவப்புப் புள்ளிக் குறிநோக்கிக்குப் பின்னால் 3 மடங்கு பெருக்கியை வைப்பார்கள். இலக்கோடு சிவப்புப் புள்ளியும் 3 மடங்கு வீங்கும். 4 மடங்கு தொலைநோக்கிக் குறிநோக்கியின் பின்னால் 2 மடங்குப் பெருக்கியை மாட்டி 8 ஆக்குவதும் உண்டு. எல்லாவற்றிலும் அதே பெருக்கல்தான், அதே ஒளிக் கணக்குதான்.

குழாய் இல்லாத தொலைநோக்கி

நம் காம்பவுண்ட் வில்லில் நடப்பது இன்னும் சுவையானது, ஏனென்றால் அங்கே தொலைநோக்கியின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

1609இல் கலிலியோ தம் கையால் கட்டிய தொலைநோக்கியில் முன்னால் ஒரு குவி வில்லை, பின்னால் ஒரு குழி வில்லை. முதலில் 3 மடங்கு, பிறகு 8, அந்த ஆண்டு முடிவதற்குள் 20 என்று உயர்த்தினார். 1611இல் கெப்ளர் இரண்டு குவி வில்லைகளை வைக்கும் முறையை விவரித்தார். பார்வைப் புலம் அகலமாகக் கிடைக்கும், ஆனால் பிம்பம் தலைகீழ். அதனால்தான் இன்றைய துப்பாக்கித் தொலைநோக்கிகளின் நடுவே பிம்பத்தை நிமிர்த்த இன்னொரு வில்லைத் தொகுதி இருக்கிறது. கலிலியோ முறையில் பிம்பம் தானாகவே நேராக நிற்கும்.

வில்லின் முன்னே இருக்கும் ஸ்கோப்பில் ஒரு குவி வில்லை. பீப்புக்குள் திருகி வைக்கும் குழி வில்லை ஒன்று உண்டு. அதற்குக் கிளாரிஃபையர் என்று பெயர். நாணை இழுத்து முகத்தோடு சேர்த்ததும் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 80 செ.மீ. காற்று. கலிலியோவின் தொலைநோக்கிதான், குழாய் மட்டும் இல்லை. உங்கள் கையின் நீளமே குழாய்.

இங்கேதான் பெட்டியில் போட்டிருக்கும் எண் நம்மை ஏமாற்றுகிறது. வில்லையின் உண்மையான அளவு டையாப்டர். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் குவியத் தூரம் மீட்டரில் கிடைக்கும். சில தயாரிப்பாளர்கள் 0.5 டையாப்டர் வில்லையை 4 எக்ஸ் என்றும் 0.75ஐ 6 எக்ஸ் என்றும் விற்கிறார்கள். கண்ணுக்குக் கிடைப்பது அந்த 4ம் அல்ல, 6ம் அல்ல. கணக்கு இதுதான்: ஸ்கோப்புக்கும் பீப்புக்கும் உள்ள இடைவெளியை மீட்டரில் எடுத்து டையாப்டரால் பெருக்குங்கள். விடையை 1இலிருந்து கழியுங்கள். மீதியால் 1ஐ வகுங்கள். கிடைப்பதுதான் உண்மையான பெருக்கம்.

0.8 மீட்டர் இடைவெளியில் 0.5 டையாப்டர் வில்லை தருவது 1.67 மடங்கு. 0.75 தருவது 2.5. 1.0 டையாப்டர் தருவது 5. கவனித்தீர்களா? வில்லையின் வலு இரண்டு மடங்கானபோது பெருக்கம் மூன்று மடங்கானது. 1.25 டையாப்டர் போட்டுப் பாருங்கள், மீதி பூச்சியமாகிவிடும். குவியம் சரியாகப் பீப்பின் மேலேயே விழுகிறது என்று பொருள். அந்த நிலையில் எந்தக் கிளாரிஃபையரும் உதவாது.

இதே கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. 0.75 டையாப்டர் வில்லையை, இடைவெளி 70 செ.மீ. மட்டுமே உள்ள குள்ளமான மாணவி பயன்படுத்தினால் 2.1 மடங்கு. அதையே 85 செ.மீ. இடைவெளியுள்ள உயரமான மாணவர் பயன்படுத்தினால் ஏறத்தாழ 2.8 மடங்கு. ஒரே பெட்டி, ஒரே விலை, இரண்டு வெவ்வேறு தொலைநோக்கிகள். “சீனியர் 6 எக்ஸ்தான் வைத்திருக்கிறார், எனக்கும் அதையே கொடுங்கள்” என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் எடுத்து நீட்டுவது அளவுநாடாவைத்தான்.

முதல் உலகப் போரில் இதே ஏற்பாடு

பெரிய பெரிய தொலைநோக்கிகளுக்கு நடுவே இந்தத் திறந்தவெளி ஏற்பாடு விளையாட்டுச் சாமானாகத் தோன்றலாம். ஆனால் இது போர்க்களம்வரை போயிருக்கிறது. இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் நீண்டதூரப் போட்டிகளில் சுட்டவர்கள், துப்பாக்கியின் முன்குறியில் ஒரு குவி வில்லையையும் பின்குறியில் ஒரு சிறு குழி வில்லையையும் வைத்துச் சுட்டு வந்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் படைக்குத் தொலைநோக்கிக் குறிநோக்கிகள் போதவில்லை. நல்ல ஒளியியல் கண்ணாடிக்கு அதுவரை பெரிதும் நம்பியிருந்தது ஜெர்மனியை. அந்த நெருக்கடியில் லாட்டி, நீல், மார்ட்டின், கிப்ஸ் எனப் பலர் வடிவமைத்த கலிலியோ முறைக் குறிநோக்கிகளைப் படை ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டது.

போட்டித் தளத்தில் வென்ற கருவி பதுங்குகுழியில் திணறியது. மூடிய குழாய் இல்லாததால் முன்வில்லையில் மழையும் சேறும் படிந்தன. பார்வைப் புலமோ மிகக் குறுகியது. அசையும் இலக்கைத் தேடிப் பிடிப்பது கடினம். முறையான தொலைநோக்கிகள் கிடைக்கத் தொடங்கியதும் இவை ஒதுங்கின. நம் ஊரில் மழை ஓய்ந்த மாலையில் அம்பெய்தவர்களுக்கு அந்த வீரர்களின் சிரமம் கொஞ்சம் புரியும். குளிரூட்டிய காரிலிருந்து வில்லை வெளியே எடுத்ததும் ஸ்கோப்பில் ஆவி படிந்து முதல் பத்து நிமிடம் வீணாகும்.

எல்லாம் சேர்ந்தே பெருகும்

கடந்த ஆண்டு எங்கள் மன்றத்தில் ஒரு தொடக்கக் கல்லூரி மாணவி 1.0 டையாப்டர் வில்லையையும் அதற்கேற்ற வலுவான கிளாரிஃபையரையும் வாங்கி வந்தார். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம். பள்ளி அணித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. முதல் நாள் இலக்கைப் பார்த்து, “அண்ணா, சுவர் மாதிரி தெரியுது!” என்று குதித்தார். மூன்றாவது வாரத்தில் அவரால் நாணை விடவே முடியவில்லை. இழுப்பார், பிடிப்பார், கை நடுங்கும், அப்படியே இறக்கிவிடுவார். இறுதியில் விடும் அம்பு, புள்ளி மஞ்சளைக் கடந்து ஓடும் நொடியில் பதறி விட்ட அம்பாக இருக்கும். அம்பெய்வோர் இதை டார்கெட் பேனிக் என்பார்கள். வந்தால் எளிதில் போகாது. இதனாலேயே விளையாட்டை விட்டவர்கள் உண்டு.

என்ன நடந்தது என்று கணக்கில் பார்ப்போம். அவருடைய கை முன்பும் அதே அளவுதான் ஆடியது. வட்டத்தில் எவ்வளவு பங்கு புள்ளி அலைகிறது என்பது எந்த வில்லை போட்டாலும் மாறாது, ஏனென்றால் இலக்கும் அலைவும் ஒரே மடங்கில் பெருகுகின்றன. அம்பு போய்ச் சேரும் இடத்துக்கு இந்தப் பெருக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாறியது ஒன்றுதான்: முன்பு மெல்ல மிதந்த இலக்கு இப்போது 5 மடங்கு வேகத்தில் ஓடுவது போலத் தெரிந்தது. கண் பயந்தது. மூளை அந்த ஓட்டத்தைத் துரத்தத் தொடங்கியது.

பார்வைப் புலமும் அதே மடங்கில் சுருங்கியது. 35 மி.மீ. அகல ஸ்கோப்பை 80 செ.மீ. தள்ளிப் பிடித்தால், பெருக்கமே இல்லாத கண்ணாடி வழியாக 50 மீட்டரில் 2 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் தெரியும். 1.67 மடங்கில் அது 1.3 மீட்டர். 5 மடங்கில் 44 செ.மீ. காம்பவுண்டுக்கான ஆறு வளைய இலக்குத்தாளின் விட்டமே 48 செ.மீ. அதாவது அவருக்குத் தன் இலக்குத்தாள் முழுதாகத் தெரியவில்லை. ஒரே பலகையில் பக்கத்தில் இன்னொருவரின் தாளும் இருக்கும். அதில் அம்பு பதிந்தால் அது எந்த வட்டத்தில் இருந்தாலும் பூச்சியம்தான்.

மூன்றாவது விலை கொஞ்சம் நுட்பமானது, ஆனால் இயற்பியல் படிப்பவர்களுக்கு விருந்து. ஸ்கோப் வில்லையின் நடுவே ஒரு சிறு குறிப்புள்ளி ஒட்டியிருக்கும். அது கண்ணிலிருந்து 80 செ.மீட்டரில், இலக்கோ 50 மீட்டரில். இரண்டையும் ஒரே நேரத்தில் கண்ணால் கூர்மையாகப் பார்க்க முடியாது. வில்லை இல்லாமல் இந்த இரண்டுக்கும் இடையிலான குவிய வேறுபாடு 1.25 டையாப்டர். ஸ்கோப்பில் 0.5 வில்லை போட்டால் அது ஏறத்தாழ 2.1 ஆகிறது, 0.75 போட்டால் 3.1, 1.0 போட்டால் 6.25. எண்களை வகுத்துப் பாருங்கள்: 1.67, 2.5, 5. பெருக்கம் எத்தனை மடங்கோ, வேறுபாடும் அத்தனை மடங்கு.

கிளாரிஃபையர் இதைக் குறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைக்காது. அது இலக்கையும் புள்ளியையும் ஒரே அளவு நகர்த்துகிறது, அவ்வளவுதான். கிளாரிஃபையர் இல்லாவிட்டால் புள்ளி தெளிவு, இலக்கு மங்கல். இருந்தால் இலக்கு தெளிவு, புள்ளி மங்கல். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற உரிமைதான் நமக்குக் கிடைக்கிறது. பீப்பின் துளை சிறிதாக இருப்பதால் இரண்டின் மங்கலும் ஓரளவு அடங்கும். பழைய ஊசித்துளைக் கேமராவில் எல்லாத் தூரமும் ஒருவாறு தெளிவாகத் தெரிவது இதனால்தான். துளையை மேலும் சிறிதாக்கினால் ஒளி குறையும், மேகமூட்டமான மாலையில் மஞ்சளே பழுப்பாகத் தெரியும்.

அந்த மாணவிக்கு நாங்கள் செய்த மருத்துவம் எளியது. ஒரு வாரம் குறிநோக்கியே இல்லாமல் ஐந்து மீட்டரிலிருந்து, தாள் ஒட்டாத வெறும் பலகையில் எய்யச் சொன்னோம். பிறகு மன்றத்தின் பழைய 0.5 வில்லையைக் கிளாரிஃபையர் இல்லாமல் போட்டோம். அந்த அளவில் ஏற்படும் மங்கல் சிறு துளையில் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்புதான் அவர் முகத்தில் பழைய நிதானம் வந்தது. அணியில் இடமும் கிடைத்தது, கடைசி இடம். வாங்கிய வில்லை இன்னும் அவர் பையில் கிடக்கிறது. விற்றுவிடு என்று சொன்னேன், கேட்கவில்லை.

தெரியாத பத்தைச் சுடுபவர்கள்

பெருக்கம் இல்லாவிட்டால் துல்லியம் இல்லை என்று வாதிடுபவர்களிடம் நான் துப்பாக்கிச் சுடும் விளையாட்டைக் காட்டுவேன். ஒலிம்பிக் வகை ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கிக் குறிநோக்கிக்கு அனுமதி இல்லை. 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. அது 0.7 கலை, கண்ணின் எல்லைக்கும் கீழே. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்து என்பது அரை மி.மீ. புள்ளி. அதைச் சுடுபவர் பார்ப்பதே இல்லை.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் நம் மார்ட்டினா வெலோசோ 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டி இரண்டிலும் தங்கம் வென்றது இப்படிப்பட்ட இலக்குகளில்தான். அங்கே கண் தேடுவது பத்தை அல்ல. இலக்கின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் முன்குறி வளையத்துக்குள் நான்கு பக்கமும் சமமான வெள்ளை விளிம்போடு உட்காருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஏர் ரைஃபிளில் அந்தக் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ.; கோணத்தில் பார்த்தால் 10.5 கலை. நம் 50 மீட்டர் மஞ்சள் பகுதி 11 கலை என்று முன்பே பார்த்தோம். ஏறக்குறைய ஒரே அளவு. வட்டத்துக்குள் வட்டத்தை நடுப்படுத்துவதில் மனிதக் கண் அசாத்தியத் திறமை உடையது. அதற்குத் தேவை சமச்சீர், பெரிய அளவு அல்ல.

அப்படியானால் வில்லையே வேண்டாமா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லவில்லை. நான் வைத்திருப்பது 0.5. முன்னணிக் காம்பவுண்ட் வீரர்கள் பலரும் வில்லை வைத்தே எய்கிறார்கள். புள்ளியைச் சுற்றி மஞ்சள் எவ்வளவு மிஞ்சுகிறது என்று வசதியாகத் தெரியும் அளவுக்குப் பெருக்கம் உதவும். கை நிலைப்பட்ட பிறகு ஒரு படி ஏறிப் பார்க்கலாம். வலுவான வில்லையை வாங்கிவிட்டு அதற்கேற்பக் கையைப் பழக்குவேன் என்பது, பந்தயக் காரை வாங்கிவிட்டு அதிலேயே ஓட்டுநர் உரிமத்துக்குப் பழகுவேன் என்பது போல.

வாங்குவதற்கு முன் நண்பரின் வில்லையை இரவல் வாங்கிச் சோதிப்பது நல்லது. பெட்டி தொலைந்துபோன வில்லையின் டையாப்டர் தெரியாவிட்டால் வீட்டிலேயே அளக்கலாம். பகலில் அறை விளக்கை அணைத்துத் திரையை மூடி, ஒரு கையகலம் மட்டும் திறந்து வையுங்கள். சூரியன் நேரே படாத சன்னலாக இருக்கட்டும். அந்த இடைவெளியில் வில்லையைப் பிடித்து, எதிரே வெள்ளை அட்டை ஒன்றை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் எதிர் வீவக புளோக் தலைகீழாக, மங்கலாக, ஆனால் கூர்மையான விளிம்புகளோடு அட்டையில் வந்து தொங்கும். வில்லைக்கும் அட்டைக்கும் இடைப்பட்ட தூரம்தான் குவியத் தூரம். 2 மீட்டர் என்றால் 0.5 டையாப்டர், 1.33 மீட்டர் என்றால் 0.75. அட்டையைப் பிடிக்க வீட்டில் இன்னொருவர் வேண்டியிருக்கும்.

பிறகு வில்லை இழுத்துப் பிடித்து, ஸ்கோப்பிலிருந்து பீப் வரை யாரையாவது அளவுநாடாவால் அளக்கச் சொல்லுங்கள். இழுத்த வில்லில் அம்பு பூட்டியிருக்கக்கூடாது என்றால் நாணை விடவும் கூடாது. அம்பில்லாமல் நாணை விட்டால் வில்லே உடையக்கூடும். அதனால் அளக்கும்போது அம்பைப் பூட்டி, இலக்குப் பலகைக்கு நேரே நின்று, பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். அளப்பவர் உங்களுக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும், முன்னால் வரவே கூடாது. இரண்டு எண்களும் கிடைத்தபின் மேலே சொன்ன கணக்கைப் போட்டு, விடையைச் சிறு ஒட்டுத்தாளில் எழுதி ஸ்கோப்பின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். என்னுடையதில் 1.7 என்று எழுதியிருக்கிறது.